மலையூரில் தங்கும் புகைப்படக் கலைஞர்

(கிராம வளர்ச்சியில் கலைஞர்களின் பங்கு பற்றிய கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

புகைப்படக் கலைஞர் ஒருவர் ஒரு சிற்றூரில் சில திங்கள் தங்கி, ஊராரோடு பழகி, அவ்வூரின் வாழ்வைப் படங்களாகப் பதிவு செய்யும் முறை இன்று பல நாடுகளிலும் ஊக்கம் பெற்று வருகிறது. கலை நிறுவனங்களும் அறக்கட்டளைகளும் இதற்கென உதவித்தொகை வழங்குகின்றன. கலைஞருக்கு உறைவிடம் கிடைக்கிறது. தடையின்றிப் பணிபுரியக் காலம் கிடைக்கிறது. முடிவில் ஒரு கண்காட்சியோ நூலோ வெளிவருகிறது. இத்தகைய திட்டத்தால் கலைஞர் அடையும் பயன் இன்னதென்று எளிதில் கூறிவிடலாம். அவரை ஏற்றுக்கொண்டு, உணவளித்து, தம் வீட்டு வாயிலைத் திறந்துவிட்ட ஊரார் அடையும் பயன் யாது? வளர்ச்சிப் பணியில் அக்கறை கொண்டோர் முதலில் கேட்க வேண்டிய வினா இதுவே.

இவ்வினாவுக்கு விடை காண, மேற்குத் தொடர்ச்சி மலையில் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழ்நாட்டைத் தொடும் எல்லைப் பகுதியை எடுத்துக்கொள்வது பொருத்தமாகும். அங்கு வாழும் மலைக்குடிகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காமிராவின் முன் நிறுத்தப்பட்டு வந்திருக்கின்றனர். அவர்களுடைய உருவங்கள் அச்சேறிய நூல்கள் உலகின் பெரிய நூலகங்களில் இருக்கின்றன. எடுத்த படம் எடுக்கப்பட்டவரிடம் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் அந்த நூற்றாண்டில் எந்த அளவுக்கு வளர்ந்தது, இனி எந்த அளவுக்கு வளர வேண்டும் என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

எல்லை மலைகள்

வரைபடத்தில் பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே திருச்சூர், எர்ணாகுளம் மாவட்டங்களின் மலைக்காடுகள் அமைந்துள்ளன. ஆயினும் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து நோக்குவோர்க்கு இவ்விரண்டும் ஒரே ஆனைமலைத் தொடரின் இரு முனைகளாகத் தோன்றும். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகச் சென்றால் பாலக்காடு மாவட்டத்தின் பறம்பிக்குளத்தை அடையலாம். கேரளத்துக்கு உரிய அந்த ஊருக்கு வாகனத்தில் செல்வோர் தமிழ்நாட்டின் வழியாகவே சென்று வந்திருக்கின்றனர். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக ஏறினால் இடுக்கி மாவட்டத்தின் மறையூரும், அதற்கு அப்பால் மூணாறும் வரும். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த சிகரமான, 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி இங்குதான் நிற்கிறது.

பறம்பிக்குளம் பகுதியில் காடர், மலசர், மலமலசர், முதுவர் ஆகிய குடியினர் வாழ்கின்றனர். தேனும் பிற காட்டு விளைபொருள்களும் திரட்டுவதில் காடர் தேர்ந்தவர்கள். மறையூர், மூணாறு, இடமலைக்குடி ஆகிய பகுதிகளில் முதுவர் மிகுதி. மதுரையிலிருந்து தம் தெய்வத்தையும் குழந்தைகளையும் முதுகில் சுமந்து மலையேறியவர்கள் தம் முன்னோர் என்பது முதுவரிடையே வழங்கும் மரபுக் கதை. அவர்களுடைய பேச்சு தமிழுக்கு மிக நெருங்கியது. இவ்விரு குடியினருக்கும் மாநில எல்லை என்பது பிற்காலத்தில் வந்த ஒரு கோடு. காடும் மலையும் அதற்கு முன்பே இருந்தவை.

இந்த மலைகள் வெளியுலகின் தேவைகளுக்காகப் பலமுறை திறக்கப்பட்டன. கொச்சி அரசு அமைத்த காட்டு டிராம் பாதை 1907 முதல் 1963 வரை பறம்பிக்குளம் காடுகளின் மரத்தைச் சாலக்குடிக்குக் கொண்டு சென்றது. பின்னர் பறம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் அணைகள் எழுந்தன. அத்திட்டம் பற்றிய தமிழ்நாடு-கேரள உடன்படிக்கை 1970-ஆம் ஆண்டில் கையெழுத்தாயிற்று. பறம்பிக்குளம் 2010-ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மரம், நீர், வனவிலங்கு என ஒவ்வொன்றையும் நாடி வெளியார் வந்தனர். அவர்களோடு காமிராவும் வந்தது.

அளவுகோலும் காமிராவும்

இந்திய மக்களைப் படம் பிடித்து வகைப்படுத்தும் முயற்சி அரசு வெளியீடாகவே தொடங்கியது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் ஆங்கில நூல் 468 புகைப்படங்களைக் கொண்டிருந்தது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், தாம் ஆளும் மக்கள் யார் யார் என்று அறிந்துகொள்ள ஆங்கில ஆட்சியினர் கொண்ட ஆர்வம் அதற்குப் பின்புலமாக இருந்தது.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையுடன் 1909-ஆம் ஆண்டில் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளை வெளியிட்டார். காடர் மரத்தில் மூங்கில் முளைகளை அடித்து ஏறுவதையும், பற்களைக் கூராக்கிக்கொள்ளும் வழக்கத்தையும், மகளிர் கூந்தலில் செருகும் மூங்கில் சீப்புகளையும் அவர் விரித்து எழுதினார். மூக்கின் நீளத்தையும் தலையின் அகலத்தையும் அளக்கும் கருவி அவருடைய பயணங்களில் எப்போதும் உடன் இருந்தது.

அதே 1909-ஆம் ஆண்டில் கொச்சி நாட்டின் குடிகளைப் பற்றிய நூலின் முதல் தொகுதியும் வெளிவந்தது. இரண்டாம் தொகுதி 1912-இல் வந்தது. இதன் ஆசிரியர் எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர். 1861-இல் பாலக்காட்டை அடுத்த லட்சுமிநாராயணபுரத்தில் பிறந்தவர். மேலைநாட்டார் மட்டுமே ஈடுபட்டிருந்த துறையில் தம் மண்ணின் மக்களைத் தாமே ஆராய முன்வந்த முன்னோடி அவர். காடரைப் பற்றிய செய்திகளும் பல படங்களும் அவருடைய நூலில் உள்ளன. அவருடைய மைந்தர் எல். ஏ. கிருஷ்ண ஐயர் திருவிதாங்கூர்க் குடிகளைப் பற்றி 1937 முதல் வெளியிட்ட தொகுதிகளில் முதுவரும் இடம்பெற்றனர்.

இவர்களுடைய உழைப்பின் அருமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. இன்று மறைந்துவிட்ட பல வழக்கங்களை அவ்வேடுகளிலிருந்தே அறிய முடிகிறது. எனினும் அக்காலப் படங்களின் இயல்பை நோக்கினால் ஒரு குறை புலப்படும். முன்முகம் ஒன்று, பக்கமுகம் ஒன்று என எடுக்கப்பட்ட உருவங்களின் கீழ் ‘காடர் ஆண்’, ‘காடர் பெண்’ என்ற வகையிலேயே பெரும்பாலும் குறிப்பு எழுதப்பட்டது. நின்றவருக்கு ஒரு பெயர் இருந்தது. தாய் தந்தையர் இருந்தனர். அன்று காலை அவர் செய்துகொண்டிருந்த வேலை ஒன்று இருந்தது. அவை எதுவும் படத்தோடு வரவில்லை. 1920-களின் இறுதியில் பி. எஸ். குகா, பறம்பிக்குளம் மலைகளின் காடர் சிலருடைய தலைமயிரின் அமைப்பைச் சான்றாகக் காட்டி, இந்தியாவில் நெக்ரிட்டோ இனக்கூறு உண்டு என்ற கருத்தை எழுப்பியபோது, காடருடைய உருவம் அறிஞர்களின் நீண்ட விவாதத்துக்குப் பொருளாயிற்று. அவ்விவாதத்தில் காடருக்கு இடம் இல்லை.

தங்கிய ஒருவர்

இம்மலைகளில் தங்கி ஆராய்ந்தோருள் தனித்துக் குறிப்பிடத்தக்கவர் உமர் ரோல்ஃப் எஹ்ரன்ஃபெல்ஸ். 1901-இல் பிறந்த ஆஸ்திரிய நாட்டவர். 1938-இல் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டபோது தாய்நாட்டை விட்டு வெளியேறி இந்தியா வந்தார். போர்க்காலத்தில் ஆங்கில அரசு அவரை அயல்நாட்டார் முகாமில் அடைத்து வைத்தது. விடுதலைக்குப் பின் தென்னிந்தியாவில் ஆய்வைத் தொடர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் துறைக்குத் தலைவரானார். ‘கொச்சியின் காடர்’ என்னும் அவருடைய நூலை அப்பல்கலைக்கழகம் 1952-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

இனப் புகலிடம் இழந்து வந்த ஒருவர் என்ற முறையில், மனிதரை மூக்கின் அளவால் தரம் பிரிக்கும் கொள்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அவர் பிறர் சொல்லி அறிய வேண்டியிருக்கவில்லை. காடர் மகளிரின் நிலை, குடும்ப வாழ்வு, வெளியுலகத் தொடர்பால் அக்குடிக்கு நேர்ந்த மாற்றங்கள் ஆகியவற்றில் அவர் கவனம் சென்றது. ஓரிடத்தில் தங்கி வாழ்வதால் பார்வையில் விளையும் வேறுபாட்டுக்கு இது ஒரு சான்று. ஒருநாள் வந்து போகிறவர் கண்ணுக்கு உடையும் அணியும் படும். பல நாள் தங்குகிறவர்க்கே உறவும் துயரும் தெரியவரும்.

ஆயினும் இங்கும் ஒரு வரம்பு உண்டு. நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. பல்கலைக்கழகத்தாருக்கும் ஆட்சியாளருக்குமாக எழுதப்பட்டது. எழுத்தறிவு எட்டாதிருந்த அந்நாளைய காடர் குடியிருப்பில் அதைப் படித்துப் பார்ப்பதற்கு ஒருவரும் இருந்திருக்க இயலாது. தங்குதல் பார்வையைத் திருத்துகிறது; பதிவைப் பங்கிடும் கடமையை அது தானாகவே நிறைவேற்றிவிடுவதில்லை.

வராத ஒரு பிரதி

இக்கடமை தவறும்போது என்ன நேரும் என்பதற்கு அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி ஒன்று நல்ல விளக்கம். பொருளாதார மந்தத்தால் நிலமிழந்த உழவர்களின் நிலையை நாட்டுக்கு உணர்த்த, அந்நாட்டரசு 1935 முதல் ஒரு பெரும் புகைப்படத் திட்டத்தை நடத்தியது. அதில் பணியாற்றிய டோரத்தியா லேங்கே, 1936-ஆம் ஆண்டு மார்ச் திங்களில் கலிபோர்னியாவின் நிப்போமோ என்னும் ஊரருகே, பட்டாணி பறிக்க வந்து பட்டினியில் தவித்த தொழிலாளர் முகாமில் ஒரு தாயைக் கண்டார். ஏறத்தாழப் பத்து நிமிடங்களில் சில படங்கள் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பெயரைக் கேட்கவில்லை. படம் செய்தித்தாளில் வெளிவந்ததும், 20,000 பவுண்டு, அதாவது சுமார் 9,000 கிலோ உணவுப் பொருள் அம்முகாமுக்கு அனுப்பப்பட்டது. அதற்குள் அத்தாய் பிள்ளைகளோடு வேறிடம் சென்றுவிட்டிருந்தார்.

அப்படம் இருபதாம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற படங்களுள் ஒன்றாயிற்று. படத்திலிருந்த பெண்மணி புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-ஆம் ஆண்டில்தான் வெளிப்பட்டது. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் வந்ததில்லை என்றும், ஒரு பிரதி அனுப்புவதாகக் கூறிச் சென்றவர் அனுப்பவே இல்லை என்றும் அவர் மனம் நொந்து கூறினார். படத்தால் பல்லாயிரவர்க்கு நன்மை விளைந்தது உண்மை. ஒரு பிரதி வந்து சேராமையால் விளைந்த கசப்பு நாற்பதாண்டு நீடித்ததும் உண்மை. வளர்ச்சித் திட்டங்களில் ஈடுபடுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

நம் நாட்டிலும் வளர்ச்சிப் பணியும் புகைப்படமும் தொடக்கம் முதலே இணைந்து வந்தன. 1957-இல் ‘யோஜனா’ இதழ் தொடங்கப்பட்டபோது அதன் முதல் ஆசிரியரான குஷ்வந்த் சிங், டி. எஸ். நாகராஜன் என்னும் இளம் புகைப்படக் கலைஞருடன் நாடெங்கும் பயணம் செய்தார். அணைகளும் ஆலைகளும் சமுதாய வளர்ச்சி வட்டாரங்களும் அப்படங்களின் வாயிலாகவே படித்த மக்களின் கண்ணுக்கு வந்தன. நாகராஜன் பிற்காலத்தில் பழைய இல்லங்களின் உட்புறங்களைப் பொறுமையோடு பதிவு செய்வதில் ஈடுபட்டார். விரைந்த பயணத்திலிருந்து நிதானமான பதிவுக்கு ஒரு கலைஞர் வந்து சேர்ந்த வரலாறாக இதைக் கொள்ளலாம்.

இடமலைக்குடி தரும் பாடம்

இடுக்கி மாவட்டம், தேவிகுளம் வட்டத்தைச் சேர்ந்த இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக 2010-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் முதுவர் குடிகள் அதில் அடங்கும். 2014-ஆம் ஆண்டில் பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கு நடந்து சென்று எழுதிய கட்டுரைகளும் எடுத்த படங்களும், அவ்வாண்டு டிசம்பரில் அவர் தொடங்கிய கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகத்தில் இடம்பெற்றன.

அக்கட்டுரைகளில் இரண்டு செய்திகள் குறிப்பிடத்தக்கவை. வாகனப் பாதை அப்போது முடிந்த பெட்டிமுடியிலிருந்து 18 கிலோமீட்டர் மலைவழியில், யானை நடமாடும் காட்டினூடே, சூரிய மின்தகடுகளை இடமலைக்குடிப் பெண்கள் தலையில் சுமந்து சென்றனர்.  இன்னொரு செய்தி, அக்காட்டுக்குள் ஒரு தேநீர்க் கடையில் 160 நூல்களோடு நடந்து வந்த நூலகம் பற்றியது. அங்கிருந்த நூல்களுள் சிலப்பதிகாரமும் ஒன்று. ‘பழங்குடிப் பெண்’ என்று குறிக்கப்பட்டு நின்ற உருவங்களுக்கும், மின்தகட்டைச் சுமந்து நடக்கும் பெண்களுக்கும் உள்ள தொலைவு ஒரு நூற்றாண்டின் தொலைவு. முன்னதில் உருவம் பேசுகிறது. பின்னதில் உழைப்பு பேசுகிறது. இக்காப்பகத்தின் கட்டுரைகள் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் வெளியிடப்படுவதும் ஒரு முன்னேற்றமே.

இதே ஊர் மற்றொரு பாடத்தையும் தருகிறது. 2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று பரவியபோது, வெளியார் வரவைத் தடுத்தும், தம்மவர் வெளியே செல்வதைக் கட்டுப்படுத்தியும் இடமலைக்குடியினர் ஓராண்டுக்கும் மேலாக ஊரைத் தொற்றின்றிக் காத்தனர். 2021-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஊர் காண வந்தோருடன் காணொளி எடுப்பவர் ஒருவரும் அங்கு சென்றது பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அடுத்த திங்களில் அவ்வூரில் முதன்முதலாகத் தொற்று கண்டறியப்பட்டது. வருகைக்கும் தொற்றுக்கும் தொடர்பு உண்டா என்பது மருத்துவர் தீர்மானிக்க வேண்டியது. கலைத்துறையினர் தீர்மானிக்க வேண்டிய செய்தி வேறு: ஓர் ஊர் தனக்கென ஒரு வேலி வகுத்திருக்கும்போது, காமிரா ஏந்தியவர்க்கு அதைத் தாண்டும் தனி உரிமை ஏதும் இல்லை.

சேற்றில் மறைந்தவை

இடமலைக்குடிக்குச் செல்லும் வழியிலுள்ள பெட்டிமுடியில், 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெருமழையால் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் மண்ணுள் புதைந்தன. 70 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்த தமிழ்க் குடும்பத்தினர்.

மறுநாளிலிருந்து காமிராக்கள் அங்கு குவிந்தன. சேறும் பாறையும் சிதைந்த தகரமும் நாடெங்கும் காட்டப்பட்டன. செய்தி என்ற முறையில் அது தேவையே. ஆனால் ஓர் இடத்தை அதன் அழிவினால் மட்டும் அறிந்துகொள்வது போதுமா? அந்த லயங்களில் விடியற்காலையில் மூட்டிய அடுப்பும், கொழுந்துக்கூடையோடு நின்ற பெண்களும், திருவிழா நாளும், பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் முன்னரே பொறுமையோடு பதிவாகி, அப்பதிவின் பிரதி ஒன்று பாதுகாப்பான வேறிடத்தில் இருந்திருந்தால், எஞ்சிய உறவினருக்கு அது விலைமதிப்பற்ற செல்வமாக இருக்கும். வீட்டோடு சேர்ந்து வீட்டிலிருந்த படமும் புதைந்துபோகும் நாட்டில், ஊர்க் காப்பகம் என்பது ஆடம்பரம் ஆகாது. மழைக்காலந்தோறும் மண்சரிவை அஞ்சி வாழும் இம்மலைகளில் அது முன்னெச்சரிக்கையின் ஒரு பகுதி.

உரிமைக்குச் சான்று

புகைப்படத்துக்கு நினைவைப் போற்றும் பயனோடு வேறொரு பயனும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் மக்களின் நில உரிமையையும் சமூக உரிமையையும் ஏற்றுக்கொண்டது. உரிமை கோருவோர் காட்டத்தக்க சான்றுகளுள், வீடு, குடிசை, வரப்பு, தடுப்பணை போன்ற நில அடையாளங்களும், கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் முதலிய பழைய இடங்களும், முதியோர் தரும் வாக்குமூலமும் அடங்கும் என்று அச்சட்டத்தின் விதிகள் கூறுகின்றன. ஊரில் தங்கும் கலைஞர் இவற்றை முறையாகப் படமெடுத்து, நாளும் இடமும் குறித்து, முதியவர் சொல்லும் விவரத்தையும் உடன் எழுதி ஊர்க்கூட்டத்திடம் ஒப்படைத்தால், அத்தொகுப்பு கோரிக்கை மனுவுக்குத் துணை நிற்கும். நகரக் கண்காட்சியில் ஒருவர் கண்ணையும் கவராத வரப்பு ஒன்றின் படம், ஊருக்கு ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காக்கும் படமாக அமையலாம்.

ஊரார் கையில் காமிரா

வெளியார் எடுத்துத் தருவதோடு நின்றுவிடாமல், ஊராரே எடுக்கக் கற்பதும் வேண்டும். 1992-ஆம் ஆண்டில் சீனாவின் யுன்னான் மாநிலத்தில் 62 கிராமப் பெண்களிடம் காமிராக்கள் வழங்கப்பட்டன. தம் அன்றாட வாழ்வை அவர்கள் படமெடுத்தனர். படங்களை நடுவில் வைத்துக்கொண்டு தம் தேவைகளை அதிகாரிகளிடம் எடுத்துரைத்தனர். கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் ஆகியோர் வகுத்த இம்முறை பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது. வேலைக்குச் செல்லும் தாய் குழந்தையை வயலோரத்தில் விட்டிருக்கும் ஒரு படம், குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று பத்துப் பக்கம் எழுதுவதைக் காட்டிலும் தெளிவாகப் பேசும்.

தமிழகத்திலும் இத்திசையில் முயற்சிகள் நடைபெற்று வந்துள்ளன. மதுரையை அடுத்த சிற்றூரில், மீன் விற்று வாழ்ந்த தாயாரின் மகனாக வளர்ந்த புகைப்படக் கலைஞர் எம். பழனி குமார், துப்புரவுத் தொழிலாளர், கடற்பாசி சேகரிக்கும் பெண்கள் ஆகியோரின் வாழ்வைப் பதிவு செய்து, 2022-ஆம் ஆண்டில் தயானிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருதின் முதல் விருதைப் பெற்றார். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படக் கலை கற்பிப்பதையும் அவர் தம் பணியாகக் கொண்டார். உழைப்பை உடனிருந்து கண்டு வளர்ந்த கண், படத்தில் எதைத் தேட வேண்டும் என்பதைப் பிறர் சொல்லாமலே அறிகிறது. முதுவர், காடர் இளைஞர்களிடையேயும் அத்தகைய கண்கள் இருக்கின்றன என்பதில் ஐயமில்லை. வாய்ப்பே குறைவு.

செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் நோக்க, எல்லை மலைகளில் ஒரு கலைஞரைத் தங்கச் செய்யும் திட்டம் எவ்வாறு அமைய வேண்டும் என்பது ஓரளவு தெளிவாகிறது.

முதலாவதாக, அழைப்பு ஊரிடமிருந்து வர வேண்டும். வனத்துறையின் அனுமதிச் சீட்டு காட்டுக்குள் நுழைவதற்குப் போதுமானது. வீட்டுக்குள் நுழைவதற்கு ஊர்க்கூட்டத்தின் இசைவு வேண்டும். எவற்றைப் படமெடுக்கலாகாது என்பதை ஊரே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். வழிபாடு, சாவுச் சடங்கு, மகளிர் ஒதுங்கியிருக்கும் இடம் ஆகியவை பற்றி ஒவ்வொரு குடியினருக்கும் தனி நெறி உண்டு.

இரண்டாவதாக, காலம் போதுமானதாக இருக்க வேண்டும். கோடையில் வந்து கோடையிலேயே திரும்புகிறவர் மலையின் பாதி வாழ்வைக்கூடக் காண்பதில்லை. பாதை துண்டிக்கப்படும் ஆடி மழையையும், தேன் எடுக்கும் பருவத்தையும், கேழ்வரகு விளையும் காலத்தையும் உடனிருந்து காண்பதற்கு ஓராண்டுச் சுற்று வேண்டும். முதல் சில வாரங்கள் காமிராவைப் பையிலேயே வைத்திருந்து ஊர்ப் பேச்சைக் கற்பது நலம். தமிழ் அறிந்த கலைஞர்க்கு இது எளிதில் கைகூடும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு படத்துக்கும் அதிலுள்ளோர் விரும்பினால் பெயரும், நாளும், செய்துகொண்டிருந்த பணியும் எழுதப்பட வேண்டும். விரும்பாதவர் பெயரை எழுதுதல் ஆகாது. இக்காலக் காமிராவும் கைப்பேசியும் படம் எடுத்த இடத்தின் குறியீட்டைப் படத்தோடு மறைவாகப் பதிந்துவிடுகின்றன. சந்தன மரம் நிற்கும் மறையூர்க் காட்டிலும், தேன்கூடு தங்கும் மரங்களுள்ள பறம்பிக்குளத்திலும் அக்குறியீடு திருடனுக்கு வழிகாட்டியாகிவிடும். வெளியிடும் முன் அதை நீக்கிவிடுவது கலைஞரின் பொறுப்பு.

நான்காவதாக, படம் ஊருக்குத் திரும்ப வேண்டும். கணினியில் ஏற்றிவிட்டு முகவரி சொல்லிச் செல்வது திரும்பக் கொடுத்தல் ஆகாது. அலைபேசிக் கோபுரமும் மின்சாரமும் நம்பத்தக்கவையாக இல்லாத குடிகளுக்கு அது எட்டாக்கனி. காகிதத்தில் அச்சிட்ட பிரதி ஒன்று படத்திலுள்ளவர்க்கும், ஒரு முழுத் தொகுப்பு ஊர் நூலகத்துக்கோ பள்ளிக்கோ ஊராட்சி அலுவலகத்துக்கோ சேர வேண்டும். மலை ஈரத்தில் காகிதம் விரைவில் பூஞ்சை பற்றும். ஆகவே ஈரம் உறிஞ்சும் பொருளோடு மூடிய பெட்டியும், வேறொரு பாதுகாப்பான ஊரில் மற்றொரு பிரதியும் தேவை. தேநீர்க் கடையில் 160 நூல்களைக் காத்த ஊருக்கு 160 படங்களைக் காக்கத் தெரியும்.

ஐந்தாவதாக, கலைஞர் புறப்படும்போது ஊரில் குறைந்தது இருவர் படமெடுக்கவும், அச்சிடவும், வரிசைப்படுத்தவும் கற்றிருக்க வேண்டும். கருவியும் அவர்களிடம் இருக்க வேண்டும். திட்டச் செலவில் இதற்கெனத் தனிப் பங்கு தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும். முடிவில் மிஞ்சினால் பார்க்கலாம் என்று விட்டால் எதுவும் மிஞ்சாது.

இவ்வளவு நிபந்தனைகள் கலைஞரின் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தாவா என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஊரார் விரும்பும் படம் மட்டும் எடுப்பது என்றாகிவிட்டால், ஊருக்குள் இருக்கும் குடிப்பழக்கத்தையும், பள்ளியை விட்டு நின்ற சிறுமியையும், ஊராட்சியின் குறைகளையும் யார் காட்டுவது? அவற்றைக் காட்டும் உரிமை கலைஞருக்கு இருந்தாக வேண்டும். ஆனால் அவ்வுரிமை, படத்தை முதலில் ஊரிலேயே காட்டி, அவர்கள் முகத்தின் முன் நின்று பேசும் துணிவோடு இணைந்திருக்க வேண்டும். ஊரில் காட்டத் தயங்கும் படத்தை நகரில் காட்டுவது துணிவு ஆகாது. ஊரோடு ஓராண்டு உண்டு உறங்கியவர் சொல்லும் கடிந்துரையை ஊர் கேட்டுக்கொள்ளும். உறவினர் சொல்லாக அதை ஏற்கும்.

முடிவாக

ஒரு நூற்றாண்டுக்கு முன், கண்ணாடித் தகடும் முக்காலியும் கறுப்புத் துணியுமாகச் சுமைகூலி வைத்து மலையேறினர். இன்று அவ்வளவு கருவியும் ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. காடர் பதியிலும் முதுவர் குடியிலும் கைப்பேசி வைத்திருக்கும் இளைஞர் உண்டு. படம் எடுப்பது எளிதாகிவிட்டதால், படத்தைப் பற்றிய கேள்வி எளிதாகிவிடவில்லை. யார் எடுப்பது, யாருக்காக எடுப்பது, எங்கே அது தங்குவது என்னும் மூன்றும் அன்று போலவே இன்றும் நிற்கின்றன.

கிராம வளர்ச்சிக்கெனச் செலவிடப்படும் தொகையில் கலைக்கு ஒதுக்கப்படுவது சிறிது. அச்சிறு தொகையும் நகரத்துச் சுவரில் தொங்கும் சில சட்டங்களோடு முடிந்துவிடலாகாது. எஹ்ரன்ஃபெல்ஸ் காலத்துக் காடர் குடியிருப்பில் அந்நூலைப் படிக்க எவரும் இல்லை. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பள்ளி செல்கின்றனர். தம் பாட்டனின் படத்தைத் தம் ஊரிலேயே ஒரு பெட்டியைத் திறந்து பார்க்கவும், அதன் கீழே அவருடைய பெயரைப் படிக்கவும் அப்பிள்ளைகளுக்கு வாய்க்குமாயின், மலையூரில் தங்கிய கலைஞரின் பணி நிறைவேறியது எனலாம்.